ஜகதீச சந்திர போசு

இன்றைய வங்காள தேசத்திலுள்ள மைமன்சிங்கில் 1858ஆம் ஆண்டு பிறந்தவர் ஜகதீச சந்திர போசு. அவர் கேம்பிரிட்ஜில் பயின்று, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயரினும் குறைந்த ஊதியமே இந்தியர்க்கு வழங்கப்பட்டமையால், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே பணியாற்றினார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின் துணையின்றி மின்னலைகளைச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

அக்காலத்தில் மின்னலையை உணர்த்தியது, உலோகத் தூள் இட்ட கண்ணாடிக் குழாய். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். குழாயைத் தட்டினாலன்றி மறுமுறை பயன்படாது. போசு தூளை விடுத்து எஃகுக் கம்பிச் சுருள்களை அருகருகே அடுக்கி, அவற்றின் அழுத்தத்தைத் திருகாணியால் அளவுபடுத்தினார். பற்பல உலோகங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரும்பும் பாதரசமும் தொடுமிடம், தட்டாமலே தன்னிலை எய்துவதைக் கண்டு, 1899இல் இலண்டன் அரச கழகத்திற்கு அறிவித்தார். ஈயத் தாதுவாகிய கலீனாவும் அலையை உணரும் எனக் கண்டறிந்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் அதற்குக் காப்புரிமை கோர, அமெரிக்கா 1904இல் வழங்கியது. ஆயினும் அதனால் பொருளீட்ட அவர் விழைந்தாரல்லர்.

1917இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய அப்பெரியார், 1937இல் மறைந்தார். ஒவ்வொரு பொருளின் இயல்பையும் பொறுமையுடன் சோதித்தறிந்து, தக்கதைத் தேர்ந்தமையே அவர்தம் வெற்றிக்கு வழியாயிற்று.