பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, பஞ்சத்தில் தவித்த பெண்களை மீட்ட பண்டித ரமாபாய்

மகாராஷ்டிர மாநிலம், புணே மாவட்டம், கேட்காவ் என்ற ஊரில் ஆதரவற்ற பெண்களுக்கான ‘முக்தி’ இல்லம் இன்றும் இயங்கி வருகிறது. அந்தக் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பை நிறுவிய பண்டித ரமாபாய், பசியை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். 1870-களில் ஏற்பட்ட பஞ்சத்தில் தந்தை, தாய், மூத்த சகோதரி ஆகியோரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர்.

1858 ஏப்ரல் 23-இல் பிறந்த ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சமஸ்கிருத அறிஞர். பெண்களுக்கு அம்மொழியைக் கற்பிப்பது தகாதெனக் கருதப்பட்ட காலத்தில், எதிர்ப்பை மீறி மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். அந்தத் தாயே ரமாபாய்க்கு ஆசிரியையானார். புனிதத் தலங்களில் புராணம் வாசித்துக் கிடைத்த காணிக்கையில் வாழ்ந்த குடும்பம் அது.

பெற்றோர் மறைந்தபின் அண்ணன் சீனிவாசுடன் பெரும்பாலும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றிய ரமாபாய், 1878-இல் கொல்கத்தாவை அடைந்தார். அவரது புலமையைக் கண்ட அறிஞர்கள் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை வழங்கினர். 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில், வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி மேதாவியை மணந்தார். 1882-இல் கணவரையும் காலரா பறித்தது. கைக்குழந்தை மனோரமாவுடன் கைம்பெண்ணானபோது ரமாபாய்க்கு வயது 23.

புணேயில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கிய அவர், 1883-இல் இங்கிலாந்து சென்று அங்கேயே கிறிஸ்தவம் தழுவினார். ஆயினும், வழிநடத்திய கன்னியாஸ்திரீகள் சொன்ன கோட்பாடுகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. இதனால் அவர்களுடனும் கருத்து வேறுபாடு நீடித்தது.

அமெரிக்காவில் திரட்டிய நிதியுதவியுடன், 1889-இல் மும்பையில் கைம்பெண்களுக்கான ‘சாரதா சதன்’ பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது புணேக்கு மாற்றப்பட்டது. மத போதனை கூடாது என்பது பள்ளியின் விதி. ஆனால், ரமாபாய் தமது அறையில் பிரார்த்தனை செய்யும்போது கதவை அடைப்பதில்லை. மாணவியர் சிலர் வந்து அமர்ந்தனர். 1893-இல் இது பெரும் சர்ச்சையானது. ஆலோசனைக் குழுவிலிருந்து ரானடேவும் பண்டார்கரும் விலகினர். பலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்ப அழைத்துச் சென்றனர். மாணவியரில் சிலர் பின்னாளில் மதம் மாறியதால், ஐயம் அடிப்படையற்றது எனக் கூற இயலாது. எவரையும் வற்புறுத்தவில்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து ரமாபாயும் இறங்கவில்லை.

நகரத்துப் பிரமுகர்களின் ஆதரவு குறைந்த நிலையில், 1896-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியது. தமது இளமையை மறவாத ரமாபாய் நேரில் சென்று, பட்டினியில் வாடிய பெண்களையும் சிறுமியரையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். கேட்காவில் வாங்கியிருந்த நிலம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. சாதி, கல்வி என எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. 1900-ஆம் ஆண்டளவில் அங்கு ஏறத்தாழ 1,500 பேர் தங்கியிருந்தனர். உழவு, நெசவு, கால்நடை வளர்ப்பு, அச்சுத்தொழில் என அவர்களே உழைத்து இல்லத்தை நடத்தினர்.

இறுதி ஆண்டுகளில், எபிரேய, கிரேக்க மொழிகளைக் கற்று விவிலியத்தை மராத்தியில் பெயர்த்தார். சமஸ்கிருதத்தில் கரைகண்ட அவர், கிராமத்துப் பெண்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகக் கடினமான வடசொற்களைத் தவிர்த்தது வியப்புக்குரியது. 1919-இல் ஆங்கிலேய அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. இல்லத்தின் பொறுப்பை ஏற்கவிருந்த மகள் மனோரமா 1921-இல் காலமானார். மொழிபெயர்ப்பை முடித்த ரமாபாய், 1922 ஏப்ரல் 5-இல் மறைந்தார். விவிலியம் முழு நூலாக வெளிவந்தது அதன் பிறகே.