கால்பந்துக்கு விதி தந்த காப் மார்லி

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

கால்பந்தாட்டத்தை அறியாத நாடு உலகில் இல்லை. பீலேயின் பெயரைச் சிற்றூர்ச் சிறுவனும் சொல்வான். மரடோனாவின் படம் முடிதிருத்தகத்துச் சுவரிலும் தொங்கும். ஆயினும், பந்தைக் கையில் ஏந்தி ஓடக்கூடாது, எதிரில் வருபவரின் காலை வேண்டுமென்றே உதைக்கக்கூடாது என்று தாளில் எழுதி, அதைப் பலரும் ஏற்கும்படி செய்தவர் யார் என்று கேட்டால், விடை சொல்வோர் நம்மிடையே மிகச் சிலரே. அவர்தாம் எபனேசர் காப் மார்லி என்னும் ஆங்கிலேயர். ஆட்டக்காரரின் புகழ் கோல் விழும் ஆரவாரத்தில் பிறக்கிறது. விதி எழுதியவரின் புகழோ, ஆட்டம் சண்டையின்றி முடியும் அமைதியில் மறைந்துவிடுகிறது.

இன்று பல நாடுகளில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சேர்ந்து, பரிசுக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காகக் கால்பந்து ஆடுகின்றனர். அந்தக் கலப்பு ஆட்டத்திற்கு வகுக்கப்பட்டுள்ள விதிகளை நோக்கினால், அவற்றின் வேர் மார்லியின் எழுத்து மேசைவரை செல்வது புலப்படும். அவர் வாழ்வைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் தொழிலும்

மார்லி 1831 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16 ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய ஹல்லில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சபைப் போதகர். அந்நாளில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற பெரும் பள்ளிகளில் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் சேர்வர். மார்லி அத்தகைய பள்ளியில் பயிலவும் இல்லை. பல்கலைக்கழகப் படியை மிதிக்கவும் இல்லை. சட்டத் தொழில் கற்று வழக்குரைஞரானார். 1858 இல் இலண்டனை அடுத்து, தேம்சு ஆற்றங்கரையில் உள்ள பார்ன்ஸ் என்ற ஊரில் குடியேறினார். படகு வலிப்பதில் பெரு விருப்பம் கொண்ட அவர், அங்கே ஆற்றில் படகுப் போட்டி நடைபெறவும் வழி செய்தார்.

அன்றைய கால்பந்து பெரும்பாலும் அப்பெரும் பள்ளிகளின் சொத்தாகவே இருந்தது. அங்கே பயிலாத ஒருவர் அந்த ஆட்டத்திற்கே பொது விதி எழுத முன்வந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். ஆதலால் இவ்விடம் என் நெஞ்சைத் தனியே தொட்டது. எந்தச் சன்னலில் கட்டணம் கட்டுவது, எந்தப் படிவத்தில் யார் கையொப்பம் வேண்டும் என்பவை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால் எவரும் தலை நிமிர்ந்து நடக்கலாம். எழுதப்படாமல், தெரிந்தவருக்கு மட்டும் தெரிந்ததாய் இருந்தால், புதிதாக வந்தவன் வாசலிலேயே தயங்கி நிற்பான். எழுதப்பட்ட விதி புதியவனுக்குத் துணை அன்றோ!

ஊருக்கொரு விதி

மார்லி 1862 இல் பார்ன்ஸ் கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஆட ஆட்கள் இருந்தனர், பந்தும் இருந்தது. பொதுவான விதிதான் இல்லை. ரக்பி பள்ளியில் பயின்றவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார். ஈட்டனில் பயின்றவர் காலால் ஆடுவதே முறை என்பார். ஷெபீல்டு நகரத்தாருக்கு அவர்களுடைய விதிகள். இரு கழகங்கள் எதிர்த்து ஆடவேண்டுமானால், ஆடுவதற்கு முன் எந்த விதிப்படி ஆடுவது என்று பேசி முடிப்பதே பெரும்பாடு.

கிரிக்கெட்டுக்கு எம்.சி.சி. என்ற அமைப்பு விதி வகுத்திருப்பதுபோல் கால்பந்துக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்று மார்லி கருதினார். அக்கருத்தை ‘பெல்ஸ் லைஃப்’ என்ற விளையாட்டு இதழுக்கு எழுதினார். அதன் பயனாக 1863 அக்டோபர் 26 ஆம் நாள், இலண்டனில் பிரீமேசன்ஸ் டாவெர்ன் என்ற விடுதியில் பல கழகங்களின் சார்பாளர்கள் கூடினர். கால்பந்துச் சங்கம் பிறந்தது. ஆர்தர் பெம்பர் தலைவரானார், மார்லி செயலாளரானார். அப்போது மார்லிக்கு வயது 32.

காலை உதைப்பது வீரமா?

விதிகளை எழுதும் பொறுப்பு செயலாளரின் தோளில் விழுந்தது. பார்ன்சில் தம் இல்லத்தில் அமர்ந்து மார்லி வரைவு எழுதினார். அந்த முதல் வரைவில், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றும், அவ்வாறு ஓடுபவரின் கணைக்காலில் உதைத்து நிறுத்தலாம் என்றும் இருந்தது. அன்றைய வழக்கம் அது. பின்னர், அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் வகுக்கப்பட்ட விதிகள் சங்கத்தின் பார்வைக்கு வந்தன. அவற்றில் இவ்விரண்டும் இல்லை. அதுவே மேல் என்று மார்லி தெளிந்தார். தாம் எழுதியதைத் தாமே நீக்க முன்வந்தார்.

டிசம்பர் முதல் நாள் கூட்டத்தில் வாக்குவாதம் மூண்டது. பிளாக்ஹீத் கழகத்தைச் சேர்ந்த காம்ப்பெல் என்பவர், காலை உதைப்பதை நீக்கினால் ஆட்டத்தின் துணிவே போய்விடும் என்று வாதிட்டார். ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டுவந்தே உங்களைத் தோற்கடித்துவிடுவேன் என்றும் ஏளனம் செய்தார். மார்லியின் மறுமொழி ஆரவாரமற்றது. காலை உதைக்கலாம் என்று வைத்தால், பள்ளிப் பருவம் கடந்து தொழில் பார்க்கும் எவரும் ஆடவரமாட்டார்; ஆட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடும் என்பதே அவர் வாதம். மறுநாள் அலுவலகம் செல்லவேண்டியவன் முறிந்த காலோடு எப்படிச் செல்வான்?

வாக்கெடுப்பில் மார்லியின் பக்கம் 13, எதிர்ப்பக்கம் 4. டிசம்பர் 8 ஆம் நாள், ஆறாவது கூட்டத்தில், விதிகள் நிறைவேறின. பிளாக்ஹீத் கழகம் சங்கத்தைவிட்டு வெளியேறியது. அக்கழகமும் பிற கழகங்களும் சேர்ந்து 1871 இல் ரக்பி சங்கத்தைத் தோற்றுவித்தன. ஒரு விதியைப் பற்றிய கருத்து வேற்றுமை, இரு ஆட்டங்கள் தனித்தனியே வளரக் காரணமாயிற்று.

பதின்மூன்று விதிகள்

அன்று நிறைவேறிய விதிகள் 13 மட்டுமே. மைதானத்தின் நீளம் 200 கெஜத்திற்கும் அகலம் 100 கெஜத்திற்கும் மேற்படக்கூடாது. கோல் கம்பங்களுக்கு இடையே 8 கெஜம். இந்த அளவு இன்றும் மாறவில்லை. அன்று கம்பங்களுக்கு மேல் குறுக்குச் சட்டம் கிடையாது. எவ்வளவு உயரத்தில் பந்து சென்றாலும் கோல்தான். பறந்து வரும் பந்தைக் கையால் பிடிக்கலாம். ஆனால் அதை ஏந்திக்கொண்டு ஓடக்கூடாது. கால் இடறிவிடுதலும் காலில் உதைத்தலும் கூடா. கையால் பிடித்து இழுத்தலும் தள்ளுதலும் கூடா. இறுதி விதி காலணியைப் பற்றியது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியோ, இரும்புத் தகடோ, கெட்டிப் பிசினோ அடியில் பொருத்திய காலணியை எவரும் அணியக்கூடாது.

அணிக்கு எத்தனை பேர் என்று அவ்விதிகள் சொல்லவில்லை. நடுவரைப் பற்றியும் பேச்சில்லை. அவையெல்லாம் பின்னர் வளர்ந்தவை. பந்தைக் கையால் பிடிக்கும் உரிமை 1866 இல் நீக்கப்பட்டது. பெனால்ட்டி உதை 1891 இல் வந்தது. மார்லி நட்டது கன்று. மரமாக வளர்த்தது காலம்.

விதி எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தாமே களத்தில் இறங்கி ஆடினார். 1863 டிசம்பர் 19 இல் பார்ன்ஸ், ரிச்மண்டு கழகங்கள் புதிய விதிப்படி முதல் ஆட்டத்தை ஆடின. எவரும் கோல் போடவில்லை. 1866 மார்ச் 31 இல் இலண்டன் அணிக்கும் ஷெபீல்டு அணிக்கும் நடந்த ஆட்டத்தில் மார்லி கோல் போட்டார். 1867 முதல் 1874 வரை சங்கத்தின் தலைவராக விளங்கினார். எஃப்.ஏ. கோப்பைப் போட்டி தொடங்கியதும், 1872 இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் பன்னாட்டு ஆட்டம் ஆடியதும் அவர் தலைமைக் காலத்திலேயாம்.

அடைக்கப்பட்ட கதவு

விதி கதவைத் திறக்கவும் வல்லது, அடைக்கவும் வல்லது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பெண்கள் அணி சேர்ந்து கால்பந்து ஆடினர். 1920 டிசம்பர் 26 இல் லிவர்பூல் நகரில் நடந்த பெண்கள் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு, 1921 டிசம்பர் 5 இல், மார்லி தோற்றுவித்த அதே சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று தடை விதித்தது. அப்போது மார்லி 90 வயது முதியவர். 1924 நவம்பர் 20 இல் தம் 93 ஆம் வயதில் அவர் மறைந்தார். பார்ன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தடையோ 1971 வரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. 1991 இல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது.

சேர்ந்து ஆடுவோர்க்கு

இனிக் கலப்பு ஆட்டத்திற்கு வருவோம். அமெரிக்கா முதலிய நாடுகளில் வார இறுதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் பொழுதுபோக்குக் குழுக்கள் பல உள்ளன. விதிகள் குழுவுக்குக் குழு மாறும். எனினும் சில விதிகள் பெரும்பாலான இடங்களில் காணப்படுகின்றன. தரையில் சறுக்கிச் சென்று எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. கணைக்காலுக்குக் காப்பு அணியவேண்டும். உலோக முனையுள்ள காலணி கூடாது. மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். களத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பெண்கள் இருந்தே ஆகவேண்டும். குறைந்தால் ஆண்களைக் கொண்டு அவ்விடத்தை நிரப்ப முடியாது.

இவற்றைப் படிக்கும்போது மார்லியின் குரலே கேட்பதுபோல் தோன்றவில்லையா? ஆணி அடித்த காலணியை அன்று விலக்கினார். உலோக முனையை இன்று விலக்குகின்றனர். கணைக்காலில் உதைப்பதை அன்று நீக்கினார். சறுக்கிப் பறிப்பதை இன்று நீக்குகின்றனர். திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் செல்லவேண்டிய எல்லோரும் ஆடவரவேண்டும் என்பதே இரண்டிற்கும் காரணம்.

சில குழுக்களில் வேறொரு விதியும் உண்டு. பெண் போட்ட கோலுக்கு இரண்டு புள்ளி தருவர். பெண்ணுக்கும் பந்தைத் தரவேண்டும் என்று ஆண்களை நினைக்க வைக்கவே அது ஏற்பட்டது என்பர். நோக்கம் நன்றே, ஆயினும் அவ்விதி எனக்கு உடன்பாடன்று. அது கோலைப் பெரிதாக்குகிறது. கோல் போட்டவளைச் சிறிதாக்குகிறது. பெண்களுக்குக் களத்தில் இடம் உறுதி செய்யும் விதி வேறு; அவர்தம் ஆட்டத்திற்குக் கருணைப் புள்ளி சேர்க்கும் விதி வேறு. முன்னது கதவைத் திறக்கிறது. பின்னது உள்ளே வந்தவளை விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. மார்லி எவருக்கும் புள்ளி கூட்டித் தரவில்லை. காயப்படுத்தும் செயலை எல்லோருக்கும் ஒன்றாக விலக்கினார்; வரத் தயங்கியவர் தாமே வந்தனர்.

விதி ஆட்டத்தின் இன்பத்தைக் குறைக்கும் என்று காம்ப்பெல் எண்ணினார். விதியே இன்பத்தைப் பலருக்கும் பங்கிடும் என்று மார்லி எண்ணினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உருண்டோடிய பந்து எவர் பக்கம் சென்றது என்பதை உலகம் அறியும்.

மாணவ நண்பர்களே! விளையாட்டுக் குழுவிலோ, விடுதிக் குழுவிலோ, மாணவர் மன்றத்திலோ விதி எழுதும் வாய்ப்பு நமக்கும் ஒருநாள் வரலாம். அன்று பேனாவைத் திறக்குமுன், இவ்விதியால் யார் உள்ளே வருவார், யார் வெளியே நிற்பார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். காப் மார்லிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.