அகழியில் பிறந்த நகை

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நகையைப் போர்க்களத்து அகழியில் கண்டெடுத்த ஓவியர் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர்.

1887இல், அன்றைய பஞ்சாபின் மலையூரான முர்ரேயில், படையதிகாரியின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி அணியில் பணியாற்றினார். 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் பகைவர் இருசாராரும் அகழி விட்டு வந்து அளவளாவியதை நேரில் கண்டார். 1915இல் ஈப்ர் போரில் குண்டு வெடித்துச் செவிப்புலன் குன்றியது.

'பைஸ்டாண்டர்' இதழில் அவர் படைத்த 'ஓல்டு பில்' என்னும் மீசைக்காரச் சிப்பாய், குண்டுமழையிடையே சேற்றுப் பள்ளத்திலிருந்து தோழனிடம் சலித்துக்கொள்வான். வீரரை இழிவுபடுத்துவதென்று கண்டனம் எழுந்தது. வீரர்களோ அப்படங்களைத் தமதாக்கிக் கொண்டனர். பின்னர்ப் படைத்துறையே அவரை ஓவியப் பணியில் அமர்த்திற்று. 1959இல் மறைந்தார்.

எள்ளல் நகைக்கு நிலைக்களன் என்பது இலக்கணம். அவர் பெரிதும் எள்ளியது பகைவரை அன்று. தம்மவர் பட்ட அவலத்தையே.