வலிப்புக்குக் காரணம் தேடிய அர்ராஸி

பிள்ளைக்கு வலிப்பு வந்ததும் ஜின் பட்டுவிட்டதென்று தண்ணீர் ஓத ஓடுவோர் நம்மிடையே இன்னும் உண்டு. துஆவில் தவறில்லை, வைத்தியசாலைக்குப் போகத் தாமதிப்பதே ஆபத்து. நோய்க்கான காரணத்தை உடலிலேயே தேடிய அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியை இங்கே நினைவுகூரலாம்.

ஈரானின் ரய் நகரில் சுமார் 865இல் பிறந்த அவர், அங்கும் பின்னர் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கினார். சிறுவர் நோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். வலிப்பும் அதில் இடம்பெறுகிறது. அரபு மூலம் நம்மிடம் இல்லை, லத்தீன், எபிரேய மொழிபெயர்ப்புகளே எஞ்சியுள்ளன. வெட்கப்பட வேண்டிய இழப்பு!

தலையிலும் கழுத்திலும் வலி, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குதல் போன்ற மூளைக்காய்ச்சல் அறிகுறிகள் உள்ள நோயாளரை அவர் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு இரத்தம் குத்தி எடுத்தார், மற்றவர்களை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இரத்தம் எடுக்கும் சிகிச்சை இன்று செல்லாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த முறைதான் இன்றைய மருத்துவ ஆய்வின் அடிப்படை.

6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் தீங்கின்றித் தீரும். எனினும் அது மூளைக்காய்ச்சலா, இரத்தத்தில் சீனி குறைந்ததாலா என்பதை வீட்டிலிருந்து சொல்ல முடியாது. வைத்தியர் கழுத்து விறைப்பைச் சோதிப்பதும், தேவையானால் முதுகுத்தண்டு நீரை எடுப்பதும் அதற்காகத்தான்.

கடைசிக் காலத்தில் அர்ராஸி பார்வையிழந்தார். சுமார் 925இல் வஃபாத்தானார். அவர் விட்டுச்சென்ற மருத்துவக் குறிப்புகளே பின்னர் அல்ஹாவி என்ற பெருநூலாகத் தொகுக்கப்பட்டன.