பேச்சு போன பிறகும் முதல்வர்: எம்.ஜி.ஆரின் கடைசி 3 ஆண்டுகள் சொல்வது என்ன?

காரைக்குடிக்காரர்களுக்கு 1985 முக்கியமான வருஷம். அந்த மார்ச்சில்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இன்றைய சிவகங்கை மாவட்டம் உருவானது. அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அப்போது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் எம்.ஜி.ஆர். பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டு, அமெரிக்க மருத்துவமனையிலிருந்து திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

பேச்சையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவர் அதை இழந்த பிறகு என்ன ஆனார்? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

குரலை இழந்தது முதல் முறை அல்ல

1917-ல் இலங்கையில் பிறந்தவர் எம்.ஜி.ஆர். சிறு வயதிலேயே வறுமை நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது. 1936-ல் 'சதி லீலாவதி' மூலம் சினிமாவுக்கு வந்தார். சிறுகூடல்பட்டி தந்த கண்ணதாசனின் பாட்டுகளும் அவர் பிம்பத்தை வளர்த்தன. காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரின் ஏ.வி.எம். நிறுவனத்துக்கு அவர் நடித்த ஒரே படம் 1966-ல் வந்த 'அன்பே வா'.

1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. வேறொருவர் குரலை டப்பிங்கில் பயன்படுத்தியிருக்கலாம். அவர் அதைச் செய்யாமல், மாறிப்போன சொந்தக் குரலிலேயே தொடர்ந்து நடித்தார். ரசிகர்கள் அந்தக் குரலுக்குப் பழகிக்கொண்டார்கள். கழுத்துக் கட்டுடன் அவர் இருந்த போஸ்டரே அந்த ஆண்டுத் தேர்தலில் பிரசாரம் ஆனது. பரங்கிமலையில் ஜெயித்தார்.

1984: பெரிய அடி

1977-ல் முதல்வரானவர், 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறுடன் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் அண்ணன் மகளின் சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது.

அதே டிசம்பரில் இங்கே சட்டமன்றத் தேர்தல். வேட்பாளர் தொகுதிக்கே வரவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோ தமிழ்நாடு முழுக்கக் காட்டப்பட்டது. ஆண்டிபட்டியில் அவர் வென்றார். கட்சி 132 இடங்களைப் பிடித்தது. அனுதாப அலை என்று ஒரு தரப்பு சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். முகத்தைப் பார்த்தாலே போதும் என்று நினைத்த ஒரு கூட்டம் இருந்ததும் உண்மை.

அஃபேசியா அப்படின்னா என்ன?

பக்கவாதம் பேச்சை இரண்டு விதமாகப் பாதிக்கலாம். மூளையில் மொழியைக் கையாளும் பகுதி அடிபட்டால் வருவது அஃபேசியா. சொல்ல வேண்டியது மனசில் இருக்கும். சொல் வராது, அல்லது வேறு சொல் வந்து விழும். சிலருக்குப் படிப்பதும், பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும்கூடச் சிரமமாகும். இன்னொன்று, நாக்கு, உதடு தசைகள் பலவீனமாகிப் பேச்சு குழறுவது. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இரண்டிலுமே ஆள் அறிவை இழந்துவிட்டதாக நினைப்பதுதான் சுற்றி இருப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு.

கை பேசியது

1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பியவர், 10-ம் தேதி மீண்டும் முதல்வராகப் பதவியேற்றார். பேச்சு முழுசாகத் திரும்பவே இல்லை. ஆனால் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. 1986-ல் மதுரையில் நடந்த ரசிகர் மன்ற மாநாட்டிலும் மேடையேறினார். கையசைப்பு, கும்பிடு, சிரிப்பு, இரட்டை இலைக்காக விரியும் இரண்டு விரல் என்று திரையிலும் மேடையிலும் பல வருஷம் பழக்கிய உடல்மொழி அப்போது கைகொடுத்தது. ஜனங்களுக்கு அந்த மொழி ஏற்கெனவே தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலைவர் சரளமாகப் பேச முடியாதபோது, அவர் மனசில் இருப்பது இதுதான் என்று சொல்பவர்கள் பலம் பெறுகிறார்கள். கட்சிக்குள் கோஷ்டிப் பூசல் முற்றியது. 1987 டிசம்பர் 24-ல் அவர் இறந்ததும் கட்சியே இரண்டாகப் பிளந்தது.

நம்ம வீட்டுக்கு என்ன பாடம்?

முதல்வருக்கு லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். நம் வீட்டு அப்பத்தாவுக்கோ ஐயாவுக்கோ காத்திருக்க நாலு பேர் போதும்.

அவர் சார்பில் நீங்களே வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள், நேரம் கொடுங்கள். காபியா, டீயா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படம், சைகை, மொபைல் போட்டோ எல்லாமே உதவும். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பேச்சே வராத சிலருக்குப் பழைய பாட்டின் வரிகள் வரும். சேர்ந்து பாடிப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது. மாதங்கள் கடந்தாலும் முன்னேற்றம் வரலாம்.

திடீரென்று வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

ரொம்ப முக்கியம், அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போலப் பேசாதீர்கள். அவரிடமே பேசுங்கள். பதில் ஒரு கையழுத்தலாக இருக்கலாம். அதுவும் பேச்சுதான்.