தடம் ஒன்று, வண்டி இரண்டு

கனகராயன்குளத்துக்குத் தெற்கே புளியங்குளமும் வடக்கே மாங்குளமும் புகையிரத நிலையங்களாம். அவ்விரண்டையும் தொடுத்து வன்னிக் காட்டை ஊடறுத்துச் செல்லும் வடபாதை, 1905ஆம் ஆண்டிற் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது. அப்பாதைக்கு விரைவு தந்த பெருமகன் பொறியியலாளர் பி. டி. ரம்பால.

1910இற் பிறந்த அன்னார், 1949இற் புகையிரதப் பகுதியின் பிரதம இயந்திரப் பொறியியலாளரானார். அப்பதவி பெற்ற முதல் இலங்கையர் அவரே. 1955இற் பொது முகாமையாளராய் உயர்ந்தார்.

அவர்முன் நின்றது ஒரு பழஞ்சிக்கல். நிலையந்தோறும் நிற்கும் அயலூர் வண்டி முன்னே செல்லின், நெடுந்தூர வண்டி அதன் பின்னே ஊர்ந்தாக வேண்டும். சென்னையில் 1931இல் மின்வண்டி ஓடத் தொடங்கியபோது, தாம்பரம்வரை அயலூர் வண்டிக்குத் தனித்தடம் அமைத்தனர். ஈழத்திலோ பொல்காவலைக்கு வடக்கே ஒற்றைத் தடமே. எதிர்வரும் வண்டிக்காக நிலையத்திற் காத்துக் கிடத்தல் வேண்டும்.

தடத்தைப் பிரிக்க இயலாதவிடத்து வண்டியைப் பிரித்தார் ரம்பால. நீருக்கும் கரிக்கும் தங்கும் நீராவிப் பொறிக்கு மாற்றாக டீசற் பொறியைப் பூட்டினார். சில நிலையங்களில் மட்டும் நிற்கும் கடுகதிகளை ஓட்டினார். 1956 ஏப்பிரலில் யாழ்தேவி புறப்பட்டாள். சிறுநிலையத்தார்க்கு அவள் நில்லாது போனது குறையே. எனினும் வடபகுதியார் பகற்பொழுதிலேயே தலைநகர் சேர்ந்தனர்.

1994இல் அன்னார் மறைந்தபோது, போரினால் வவுனியாவுக்கு வடக்கே வண்டியில்லை. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் கண்டாள். தடமோ இன்றும் ஒன்றே. இன்னொரு தடம் இடுதலே அன்னார்க்கு நாம் எடுக்கத்தக்க நினைவுச்சின்னமாகும்.