ஸ்டவுட்டை அளந்த ‘மாணவன்’: வில்லியம் சீலி கொசெட்

வீட்டில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மருத்துவமோ உளவியலோ பொருளியலோ, எதைப் படித்தாலும் புள்ளிவிபரப் பாடத்தில் ‘ஸ்டூடன்ட் ரி-சோதனை’ என்ற ஒன்றைச் செய்திருப்பார்கள். அந்த ஸ்டூடன்ட் யார்? மாணவர்களுக்காக உருவாக்கிய சோதனை என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். அது ஒரு மனிதரின் புனைபெயர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. கறுப்பு ஸ்டவுட் பியர் காய்ச்சும் கின்னஸ் கொம்பனியில் 38 வருடங்கள் வேலை செய்தவர். சொந்தப் பெயர் வில்லியம் சீலி கொசெட்.

1876 யூன் 13ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், கன்டர்பரி நகரில் அவர் பிறந்தார். கென்ட் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் கொடிகள் விளையும் மண். ஆனால் குடும்பத்தின் வேர் பிரான்சில் இருந்தது. கொசெட் குடும்பத்தினர் ஹியூகனோக்கள் எனப்பட்ட பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துகள். 1685இல் மன்னர் பதினான்காம் லூயி அவர்களுக்கு இருந்த மத உரிமையை இரத்துச் செய்தபோது, பெருந்தொகையானோர் கையில் எடுத்ததோடு நாட்டை விட்டு வெளியேறினார்கள். அப்படி வெளியேறிய குடும்பங்களில் இதுவும் ஒன்று. ஏறத்தாழ இருநூறு வருடங்களின் பின் பிறந்த வில்லியமுக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. பெயரில் மட்டும் பழைய நாடு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புரியும்.

தந்தை இராணுவப் பொறியியலாளர் படையில் கேணல். மகனுக்கும் அதே பாதையில் போக விருப்பம்; கண் பார்வை குறைவால் அது கைகூடவில்லை. வின்செஸ்டர் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் நியூ கொலிஜ்ஜில் கணிதத்திலும் இரசாயனவியலிலும் முதல் வகுப்புச் சித்தி பெற்றார். 1899இல், 23 வயதில், கடல் தாண்டி டப்ளினுக்கு வேலைக்குப் போனார்.

டப்ளின் சென் ஜேம்ஸ் கேட் பகுதியில் இருந்த கின்னஸ் ஆலை அப்போது உலகிலேயே மிகப் பெரிய பியர் ஆலை. 1759இல் ஆதர் கின்னஸ் என்பவர் அந்த இடத்தை வருடத்துக்கு 45 பவுண் வாடகையில் 9,000 வருடங்களுக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவருடைய வாரிசுகள் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் விஞ்ஞானப் பட்டதாரிகளைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தார்கள். அதுவரை ஹொப்ஸ் நல்லதா கெட்டதா என்பதைக் கையில் கசக்கி, மூக்கில் வைத்து, கண்ணால் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். பார்லிக்கும் அதே கதைதான். இந்த அளவு பெரிய ஆலைக்கு அந்தக் கைப்பழக்கம் மட்டும் காணாது என்று கொம்பனிக்குத் தெரிந்தது.

ஸ்டவுட்டைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி என்று தெரிந்தால்தான் கொசெட்டுக்கு வந்த பிரச்சினை விளங்கும். கிளாஸில் ஊற்றியதும் முதலில் பார்ப்பது நிறம். கறுப்பாகத் தெரிந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் அடர்ந்த சிவப்புத் தெரியும். பிறகு நுரை: பொன்னிறமா, பழுப்பா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு மணம்: வறுத்த கோப்பி, கறுப்புச் சொக்லேட், கருகிய பாண் ஓரம். வாயில் எடுத்தால் முளைகட்டிய பார்லியின் இனிப்பு ஒரு பக்கம், வறுத்த தானியத்தின் கசப்பும் ஹொப்ஸின் கசப்பும் மறு பக்கம். இரண்டும் சமநிலையில் நிற்க வேண்டும். தண்ணீர் போல் ஓடாமல் நாக்கில் கனம் தெரிய வேண்டும். விழுங்கிய பின் எஞ்சும் கசப்பு சுத்தமாக முடிய வேண்டும். சாம்பல் நக்கியது போல் இருந்தால் புள்ளி குறையும். மிகக் குளிராகக் குடித்தால் வறுவல் மணம் அடங்கிவிடும். ஆகவே மதிப்பிடுபவர்கள் கிளாஸைச் சற்று நேரம் வைத்து, குளிர் தணிந்த பின் மறுபடி சுவைப்பார்கள்.

வன்மையான ஸ்டவுட்டில் ஒரு சிக்கல் உண்டு. அந்த வறுவல் கசப்பு சின்னச் சின்னக் குறைகளை மூடி மறைத்துவிடும். நாக்கும் சீக்கிரம் களைத்துப்போகும். நாலாவது கிளாஸைச் சுவைக்கும் நாக்கு முதலாவது கிளாஸைச் சுவைத்த நாக்கு இல்லை. போத்தலின் பெயரைப் பார்த்துவிட்டால் மனமும் பக்கம் சாயும். ஆலைக்காரருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பீப்பாய் எல்லாவற்றையும் திறந்து சுவைத்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சிலவற்றைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தச் சிலவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொசெட் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். அக்காலப் புள்ளிவிபரவியலாளர்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளவீடுகளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். ஆலையில் கிடைப்பதோ மூன்று, நான்கு, அதிகம் போனால் பத்து. ஒவ்வொரு அளவீட்டுக்கும் காசும் நேரமும் செலவாகும். அவர் மதுவத்தையும் எண்ணிப் பார்த்தார். பியரை நொதிக்க வைக்கும் இந்த உயிரி குறைந்தால் நொதித்தல் முழுமையடையாது, கூடினால் பியர் கசக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ், 400 சிறு சதுரங்களாகப் பிரித்த கண்ணாடித் தட்டில் அவர் மதுவக் கலங்களை எண்ணினார். அந்த எண்ணிக்கையில் எவ்வளவு வழு வரும் என்பதே 1907இல் வெளிவந்த அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை.

அதற்கு முன் 1904இல் கொம்பனிக்குள் ஓர் அறிக்கை எழுதியிருந்தார். வழு பற்றிய கணித விதிகளை ஆலை வேலைக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். நிர்வாகம் அதை அலட்சியம் செய்யவில்லை. லண்டனில் புள்ளிவிபரவியலின் பெரிய தலையாக இருந்த கார்ல் பியர்சனை அவர் 1905இல் சந்தித்தார். அடுத்த வருடம் சம்பளத்தோடு லண்டனுக்கு அனுப்பி, பியர்சனின் ஆய்வுகூடத்தில் படிக்க வைத்தார்கள். அதே 1906இல் மார்ஜரி என்பவரைத் திருமணமும் செய்துகொண்டார்.

சிறு எண்ணிக்கையின் இரகசியத்தை அவர் உடைத்த விதம் எளிமையானது. 3,000 பேரின் உயரமும் விரல் நீளமும் பதிவான ஒரு பழைய பட்டியலை எடுத்தார். அவற்றை மட்டைகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு தொகுதிகள் வந்தன. ஒவ்வொன்றின் சராசரியும் முழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, தான் கணிதத்தால் கண்ட வளைகோட்டோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. 1908இல் அந்தக் கட்டுரை ‘பயோமெற்றிக்கா’ சஞ்சிகையில் வெளிவந்தது.

கட்டுரையில் பெயர் ‘ஸ்டூடன்ட்’. தொழில் இரகசியம் வெளியே போய்விடும் என்ற பயத்தில், ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்று கொம்பனி கட்டுப்பாடு விதித்திருந்தது. அவரும் சம்மதித்தார். சாகும் வரை பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே எழுதினார். பெயரை மறைத்து எழுதுவதன் அருமை தெரிந்த சமூகம் எங்களுடையது. ஊரில் இருந்தவர்களைக் காப்பாற்ற, வேலையைக் காப்பாற்ற எத்தனை பேர் வேறு பெயரில் எழுதினார்கள். கொசெட்டுக்கு உயிராபத்து எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் செய்த வேலையின் புகழ் தன் பெயருக்கு வராது என்று தெரிந்தே அவர் அதைச் செய்தார்.

அவர் கண்டுபிடித்ததை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆறு பேர் இரண்டு ஸ்டவுட்டுகளைக் கண்ணை மூடிச் சுவைத்துப் புள்ளி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு ஒவ்வொருவரும் கூடுதலாகப் போட்ட புள்ளி 2, 1, 0, 2, -1, 2. சராசரி வித்தியாசம் 1. இன்னொரு நாள் வேறு இரண்டைச் சுவைக்கிறார்கள். இப்போது வித்தியாசம் 1, 1, 1, 1, 2, 0. சராசரி இப்போதும் 1தான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு நாள் தீர்ப்பும் ஒன்று. கொசெட்டின் முறைப்படி முதல் நாள் விடை 1.9, இரண்டாம் நாள் 3.9. ஆறு பேர் என்றால் வழக்கமாக 2.57ஐத் தாண்ட வேண்டும். முதல் நாள் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். இரண்டாம் நாள் வித்தியாசத்தை நம்பலாம். சராசரியை மட்டும் பார்க்காதே, சுவைத்தவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்றும் பார் என்பதுதான் பாடம்.

கட்டுரையை முதலில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கணக்குப் பார்த்த பியர்சனுக்குக்கூட நான்கு அளவீடுகளின் கவலை பெரிதாகப் படவில்லை. 1912இல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த றொனால்ட் பிஷர் என்ற இளைஞர் அதன் பெறுமதியை உணர்ந்து கொசெட்டுக்குக் கடிதம் எழுதினார். பிஷரின் 1925ஆம் ஆண்டுப் புத்தகத்தால்தான் அந்த முறை உலகெங்கும் பரவியது. பின்னாளில் பியர்சனும் பிஷரும் கடும் பகைவர்களானார்கள். இருவருக்கும் கடைசி வரை நண்பராக இருந்தவர் கொசெட்.

ஆலையில் அவர் பார்லி வயல்களோடும் மல்லுக்கட்டினார். எந்த இனப் பார்லி ஐரிஷ் மண்ணில் நல்ல விளைச்சல் தரும் என்று வருடக்கணக்காகப் பரிசோதனைகள் நடந்தன. 1916 எழுச்சி, அதன் பின் வந்த போர், 1922இல் புதிய அரசு என்று டப்ளின் கொந்தளித்த காலத்தில், அந்த ஆங்கிலேயர் அங்கேயே வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தார்.

1930இல் ஸ்கொட்லாந்தில் 20,000 பாடசாலைப் பிள்ளைகளை வைத்து, பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்று ஒரு பெரும் ஆய்வு செய்தார்கள். அடுத்த வருடம் கொசெட் அதன் குறையைக் காட்டினார். இரக்கம் கொண்ட ஆசிரியர்கள் வறிய, மெலிந்த பிள்ளைகளைப் பால் குடிக்கும் பக்கம் சேர்த்துவிட்டார்கள் போலும்; அதனால் ஒப்பீடே பழுதாகிவிட்டது என்றார். ஒத்த இரட்டையர் 50 சோடி போதும், இதைவிட நல்ல விடை கிடைக்கும் என்றும் காட்டினார். எத்தனை என்பதைவிட எப்படித் தெரிந்தெடுத்தோம் என்பது முக்கியம். கிளாஸுக்கும் இது பொருந்தும், பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

1935இல் கின்னஸ் கொம்பனி வட மேற்கு லண்டனில், பார்க் றோயலில் புதிய ஆலை கட்டியது. அதைப் பொறுப்பேற்க கொசெட் டப்ளினை விட்டு வந்தார். இரண்டு வருடம்தான் கிடைத்தது. 1937 ஒக்டோபர் 16ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். வயது 61. அந்த ஆலை 2005இல் மூடப்பட்டது. அல்பேட்டன் ஈழபதீஸ்வரர் ஆலயத்துக்குப் போகும் எங்கள் குடும்பங்கள், அவர் கடைசியாக வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தால்தான் போய்வருகின்றன.

இன்று ஊருக்கு ஊர் சிறிய ஆலைகள் தங்கள் கைப்பட ஸ்டவுட் காய்ச்சுகின்றன. ஒரு தடவைக்குச் சில பீப்பாய்கள், சுவைத்துப் பார்க்க ஆறேழு பேர். உலகின் மிகப் பெரிய ஆலையில் பிறந்த கணக்கு, இந்தச் சிறியவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது. மருந்து வேலை செய்கிறதா என்று ஒரு சில நோயாளிகளை வைத்துப் பார்க்கும் வைத்தியருக்கும் அதே கணக்குத்தான். அடுத்த முறை பிள்ளை மேசையில் குந்தியிருந்து ரி-சோதனை செய்யும்போது, அந்த ‘மாணவனின்’ உண்மைப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.